ஏடுபடுத்தலும் வெளியிடுதலும்: ஈடு முப்பத்தாறாயிரப்படியின் வரலாறு

நம் பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களில் பெரும்பாலானவை முதலில் சொல்லாக இருந்தவை. சந்நிதியிலும் மடத்திலும் திருமாளிகைத் திண்ணையிலும் ஒருவர் அருளிச்செய்ய, ஒரு கோஷ்டி கேட்டது. கேட்டவர் பின்னாளில் தம் சிஷ்யருக்குச் சொன்னார். அர்த்தம் செவி வழியே நடந்த அக்காலத்தில் எழுத்தாணிக்கு வேலை மிகுதியாக இருந்ததில்லை. ஸ்ரீகோசம் ஆசார்யனுக்கு மாற்றாகாது என்பது இன்றும் ஸம்ப்ரதாயத்தின் துணிபு. சுவடியைத் தானே பார்த்துக் கற்றவனைக் காலக்ஷேபம் கேட்டவனாகப் பெரியோர் எவரும் எண்ணுவதில்லை.

அப்படியிருக்கத் திருவாய்மொழி ஒன்றுக்கே ஐந்து வ்யாக்யானங்கள் எழுந்தன. அவற்றுள் மிகப் பெரியது நாள்தோறும் இரவில், எவரும் ஏவாமல், எவருக்கும் சொல்லாமல் எழுதப்பட்டது. எழுதி முடிந்தபின் நூறாண்டுக்கு மேல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மட்டுமே சென்றது. அதன்பின் நம்பெருமாள் திருமுன்பே எல்லாரும் கேட்க விரிக்கப்பட்டது. ஈடு முப்பத்தாறாயிரப்படியின் இந்த வரலாற்றை ஐதிஹ்யச் சுவைக்காகச் சொல்லுவோர் பலர். நாள்தோறும் எழுதுவது எதற்காக, எழுதியதைப் பலருக்கும் ஆக்குவது எதற்காக என்னும் இரண்டு கேள்விகளுக்கும் நம் பெரியோர் தந்த விடை அதனுள் இருக்கிறது. அவ்விடைகள் ஒன்றல்ல, இரண்டு என்பது கவனிக்கத் தக்கது.

எழுதலாகாது என்பதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை முதலில் பார்ப்பது முறை. திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் அருளவேண்டும் என்று எம்பெருமானாரிடம் விண்ணப்பம் செய்தபோது அவர் இசையவில்லை என்று பெரியோர் சொல்லுவர். தாம் எழுதினால் பின்புள்ளார் ஆழ்வாருடைய அர்த்தத்துக்கு எல்லை இவ்வளவே என்று கட்டிவிடுவார்கள், மேலே நினைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். எழுத்தைத் தாழ்வாக எண்ணியவரின் சொல் அன்று இது. ஸ்ரீபாஷ்யத்தையே அருளிச்செய்தவர் அவர். எழுத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று அறிந்தவர் மட்டுமே அதற்கு இவ்வளவு அஞ்ச முடியும். ஆகவே தம் ஞானபுத்ரராகிய திருக்குருகைப்பிரான் பிள்ளானை எழுதும்படி நியமித்தார். ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஸங்க்யையிலே ஆறாயிரப்படி பிறந்தது. சுருக்கமான நூல் அது. பின்பு வருவோர்க்கு இடம் விட்டுவைத்த நூல் என்றும் சொல்லலாம்.

ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட வகையும் இங்கு நினைக்கத் தக்கது. எம்பெருமானார் அருளிச்செய்ய, கூரத்தாழ்வான் பட்டோலை கொண்டார். சொல்லும் அர்த்தம் தமக்கு இசையாத இடத்தில் எழுதாமல் எழுத்தாணியை நிறுத்திவிடும்படி நியமனம். ஜீவனுடைய ஸ்வரூபம் பற்றிய ஓரிடத்தில், ஞாத்ருத்வம் மட்டும் சொல்லிச் சேஷத்வம் சொல்லாது விடப்பட்டபோது ஆழ்வான் எழுத்தை நிறுத்தினார். எம்பெருமானார் சீற்றம் கொண்டார். பின்பு ஆராய்ந்து திருத்தி அருளிச்செய்தார். எழுதுகிறவன் வெறும் கை அல்லன் என்பது நம்மவரிடத்தில் இவ்வளவு முற்பட்டே தெளிவாகியிருந்தது. எழுதும்போது சொல் ஒரு முறை நிற்கிறது. நின்ற இடத்தில் சோதிக்கப்படுகிறது. செவியில் விழுந்து ஓடும் சொல்லுக்கு அந்த நிற்றல் கிடையாது.

அடுத்தது ஒன்பதினாயிரப்படி. நஞ்சீயர் தாம் அருளிச்செய்த வ்யாக்யானத்தைச் செவ்வையாகப் படியெடுக்க நல்ல கையெழுத்துடையவரைத் தேடினார். நம்பூர் வரதராஜர் வந்தார். மூலச்சுவடியைப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போகிறவர் காவிரியைக் கடக்கவேண்டியிருந்தது. வெள்ளம். நீந்தும்போது அலை மோதிச் சுவடி ஆற்றோடு போயிற்று. வேறு படி கிடையாது. வரதராஜர் தாம் கேட்டதையெல்லாம் நினைவுகூர்ந்து மறுபடி எழுதினார். அப்படி எழுதும்போது சில இடங்களில் அர்த்தம் தம்மளவிலே இன்னும் விரிந்து தோன்ற, அவற்றையும் சேர்த்தார். நஞ்சீயர் படித்துப் பார்த்தார். தாம் சொன்னதும் இருந்தது, சொல்லாததும் இருந்தது. நடந்ததை மெய்யாகச் சொல்லும்படி கேட்டார். ஆறு கொண்டுபோன செய்தியை அறிந்தபின் கோபிக்கவில்லை. அணைத்துக்கொண்டு, நம்முடைய பிள்ளை இவர் என்று பேர் இட்டார். நம்பிள்ளை என்னும் திருநாமம் அன்று பிறந்தது.

இந்தக் கதையைச் சிஷ்யரின் புத்திநுட்பத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதிலுள்ள வேறொன்று அடிக்கடி விடுபடுகிறது. நஞ்சீயரின் ஒரே சுவடி ஒரு பொழுதில் ஆற்றில் போயிற்று. ஒரு கூட்டத்தார் எத்தனை ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த அர்த்தமாயினும், படி ஒன்றே என்றால் அதன் ஆயுள் ஓர் அலையின் அளவுதான். நம்பிள்ளை இதைத் தம் கையால் அனுபவித்தவர். பின்னாளில் தம் சிஷ்யர் எழுதிய ஓலைகளைக் கண்டபோது அவர் நடந்துகொண்ட வகையை இந்நினைவோடு படிக்கவேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், நஞ்சீயருக்குப் பின் நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழி அருளிச்செய்யத் தொடங்கினார். அந்தக் கோஷ்டியின் பெருமையைச் சொல்லும் ஐதிஹ்யங்கள் அளவிறந்தவை. பெருமாள் கோஷ்டியோ இவர் கோஷ்டியோ என்று மயங்கும்படி கூட்டம் கலைந்ததாகச் சொல்லுவர். அக்கூட்டத்தில் இருவர். ஒருவர் பெரியவாச்சான் பிள்ளை. நம்பிள்ளை நியமிக்க, கேட்ட அர்த்தங்களை இருபத்துநாலாயிரப்படியாக, ஸ்ரீராமாயணத்தின் ஸங்க்யையிலே, ஏடுபடுத்தினார். அது வெளிப்படையாக, ஆசார்ய நியமனத்தோடு நடந்த காரியம். மற்றவர் க்ருஷ்ணபாதர் என்னும் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அவருக்கு எவரும் எழுதும்படி சொல்லவில்லை. பகலில் கேட்டதை இரவில் தம் திருமாளிகையில் அமர்ந்து எழுதினார். மறுநாளும் கேட்டார், மறுநாள் இரவும் எழுதினார். திருவாய்மொழி முழுவதும் அவ்வாறே நடந்தது.

இந்த உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒற்றெழுத்து நீக்கி முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. 36,000 படி என்பது 11,52,000 எழுத்து. ஒற்றுக்களையும் சேர்த்தால் எழுத்தாணி கீறியது அதற்கும் மிக அதிகம். திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102. ஒரு பாசுரத்துக்குச் சராசரி முப்பத்திரண்டு படிக்குமேல் வருகிறது. ஓர் இரவுக்கு நூறு படி என்று வைத்தாலும் 360 இரவுகள் வேண்டும். கேட்டு வந்த அசதியோடு, விளக்கொளியில், ஓலையின்மேல். கணக்கு யாதாயினும், ஒரு நாளும் விட்டுப்போகாத நியதி இல்லாமல் இது முடிந்திராது. இன்று இந்நூலை நல்ல தமிழ்நடையில் பெயர்த்த பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் பதிப்பு பத்துத் தொகுதிகளாக நிற்பதைப் பார்த்தவர்க்கு இதன் கனம் தெரியும்.

நாள்தோறும் எழுதியதற்கு நூலே சாட்சி சொல்லுகிறது. யோசித்து ஓரிடத்தில் கட்டிய நூலின் நடை ஈட்டுக்கு இல்லை. பேச்சின் நடை இருக்கிறது. கேள்வி ஒன்று எழும். உடனே விடை வரும். விடை போதாமல் இன்னொரு நிர்வாஹம் வரும். எம்பார் இப்படி நிர்வஹித்தார், பட்டர் இப்படி அருளிச்செய்தார், சீயர் கேட்டபோது இப்படி விடை வந்தது என்று மூன்று தலைமுறைகளின் குரல்கள் ஒரே பாசுரத்தின் கீழ் நிற்கும். சந்நிதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, ஒருவர் கண்ணீர் விட்டது, ஒருவர் சொல்லி முடியாமல் நிறுத்தியது, இவையெல்லாம் அர்த்தத்தோடு கலந்து வரும். ஒரு வாரம் கழித்து எழுதுபவனிடம் முதலில் உதிர்ந்துபோவன இவைதாம். பொருள் நினைவில் நிற்கும். அது யார் வாயிலிருந்து, எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்பது நிற்காது. பட்டர், எம்பார் முதலானோர் நூலாக எழுதாது சொல்லிப்போன எத்தனையோ வார்த்தைகளுக்கு இன்று ஈடே புகலிடம். வடக்குத் திருவீதிப் பிள்ளை ஓரிரவு சோம்பியிருந்தால் அந்த அளவு பட்டர் நமக்கு இல்லை.

இருபத்துநாலாயிரமும் முப்பத்தாறாயிரமும் ஒரே ஆசார்யரின் காலக்ஷேபத்தில் வந்தவை ஆகையால் பல இடங்களில் சொல்லும் பொருளும் ஒத்தே ஓடுகின்றன. இதைக் குறையாகச் சொல்லுவார் உண்டு. ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஒரே சொற்பொழிவை இருவர் தனித்தனியே கேட்டு எழுத, இரண்டும் ஒத்திருக்குமானால், சொன்னவர் சொன்னதையே அவர்கள் எழுதினார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய ப்ரமாணம் வேண்டுமோ? வேறுபடும் இடங்களோ, ஒவ்வொரு செவியும் எதைப் பற்றிக்கொண்டது என்று காட்டுகின்றன. ஈட்டில் விரிவு மிகுதி, ஐதிஹ்யங்கள் மிகுதி. மூலத்துக்கு ஈடாக நிற்பது என்றும், நெஞ்சை ஈடுபடுத்துவது என்றும், கவசம் போன்றது என்றும் அதன் பேருக்குப் பொருள் சொல்லுவர். மூன்றில் எதைக் கொண்டாலும் பொருந்தும்.

இதே நியதியை வடமொழி வேதாந்தத்திலும் காண்கிறோம். நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்ய, ஸுதர்சன ஸூரி அதைக் கேட்டுக் கேட்டு எழுதியதே ச்ருதப்ரகாசிகை. கேட்டதை விளங்கச் செய்வது என்பதே அதன் பேர். ஒருநாள் ஸுதர்சனர் வரத் தாமதிக்க, அம்மாள் அவர் வரும்வரை காலக்ஷேபத்தைத் தொடங்காதிருந்தார் என்றும், மற்றச் சிஷ்யர்கள் இதைப் பக்ஷபாதமாக எண்ணினார்கள் என்றும் சொல்லுவர். முந்திய நாள்களில் சொன்ன ஓர் அர்த்தத்தை அம்மாள் கேட்க, மற்றவர் திகைத்திருக்க, அவர் ஒருவரே விடை சொன்னாராம். எழுதுகிறவன் காதுக்கும் எழுதாதவன் காதுக்கும் உள்ள வாசி அன்று கோஷ்டியில் தெரிந்தது. ஈட்டின் ஸங்க்யை ச்ருதப்ரகாசிகையின் ஸங்க்யையே என்று நம்மவர் ஒப்பிடுவது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் இரண்டும் கேட்டவர் எழுதியவை என்னும் ஒப்புமை தற்செயல் அன்று.

மீண்டும் வடக்குத் திருவீதிப் பிள்ளையிடம் வருவோம். ஒருநாள் நம்பிள்ளையைத் தம் திருமாளிகைக்கு எழுந்தருளப்பண்ணி அமுது செய்விக்க விரும்பினார். நம்பிள்ளை இசைந்து எழுந்தருளினார். திருவாராதனம் பண்ணக் கோயிலாழ்வாரைத் திறந்தபோது அங்கே ஒரு சுவடிக்கட்டு இருந்தது. எடுத்து வாசித்தார். தம்முடைய சொற்களே அங்கு இருக்கக் கண்டார். இது என்ன என்று கேட்டதற்கு, அருளிச்செய்தவை மறந்துபோகாமைக்காக எழுதிவைத்தேன் என்னும் பொருள்பட விடை வந்தது. நியமனம் பெற்று ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, நம்மிடம் சொல்லாமல் அவருக்குப் போட்டியாக எழுதினீரோ என்ற கருத்தில் நம்பிள்ளை கேட்டார். பிள்ளை நடுங்கித் திருவடிகளில் விழுந்தார். தம் நெஞ்சில் அப்படி ஒன்று இல்லை என்று விண்ணப்பம் செய்தார். நம்பிள்ளை நூலைப் புகழ்ந்தார். புகழ்ந்தபின் அதைத் தாமே எடுத்துக்கொண்டார்.

இங்குள்ள கேள்வியும் விடையும் நுட்பமானவை. எழுதுவதற்கு ஒருவனுக்கு இருக்கக்கூடிய இரண்டு காரணங்களை அவை நேர் எதிரே நிறுத்துகின்றன. தான் மறவாமைக்காக எழுதுவது ஒன்று. பிறனைவிடத் தான் சிறப்பாகச் செய்தேன் என்று காட்ட எழுதுவது மற்றொன்று. கையில் உள்ள ஓலை இரண்டுக்கும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. எழுதியவன் நெஞ்சை அறிய எழுத்துக்குள் தேடிப் பயனில்லை என்பதால்தான் ஆசார்யர் ஆளைக் கேட்டார். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் விடையை மெய்ப்பிக்கும் செய்கை ஒன்று உண்டு. இத்தனை இரவுகள் எழுதியதை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடத்தில் வைத்திருந்தார்.

அவ்வளவு தூயதான செய்கைக்குப் பரிசாக நூலையே பறித்துக்கொள்வது தகுமோ என்று சிலர் கேட்பதுண்டு. நியமனமின்றி எழுதியதற்குத் தண்டம் என்று சொல்லுவாரும் உளர். அவ்வாறு கொள்ளுவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. தண்டமானால் நூலை அழித்திருக்கவேண்டும். அல்லது தம்மிடமே வைத்திருக்கவேண்டும். நம்பிள்ளை அப்படிச் செய்யவில்லை. தம் சிஷ்யர் ஈயுண்ணி மாதவப்பெருமாளின் ப்ரார்த்தனைக்கு இரங்கி அவரிடம் கொடுத்தார். அது நம்பெருமாள் நியமனம் என்றும், பின்னாளில் இதை வெளியிடப் பெருமாள் திருவுள்ளம் வேறொருவரைக் குறித்திருந்தது என்றும் பெரியோர் கூறுவர். ஆகவே நம்பிள்ளை விலக்கியது எழுதுதலை அன்று. எழுதுதல் ஒரு கைங்கர்யம், வெளியிடுதல் வேறொரு கைங்கர்யம், முன்னதைச் செய்தவனுக்குப் பின்னது தானே உரிமையாகிவிடாது என்பதே அச்செய்கையின் தாத்பர்யம் என்று தோன்றுகிறது. எழுதும் கைங்கர்யத்துக்கு வேண்டுவது நாள் தவறாமை. வெளியிடும் கைங்கர்யத்துக்கு வேண்டுவது கேட்பவர்மேல் இரக்கமும், கொடுக்க உரிமை தரும் நியமனமும். முன்னதை ஒருவன் தனக்காகவே செய்யலாம். பின்னதைத் தனக்காகச் செய்தால் அது கெட்டுவிடுகிறது.

இரக்கம் என்பதற்கு நம்மவர் முதல் எடுத்துக்காட்டு எம்பெருமானாரே. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற அர்த்தத்தை ஆசையுடையார் எல்லார்க்கும் சொல்லி, ஓராண்வழியாக வந்ததை அவர் திறந்துவிட்டார். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் குடும்பத்திலேயே அந்த இரக்கம் அடுத்த தலைமுறையில் பலித்தது. அவருடைய குமாரர் பிள்ளை லோகாசார்யர். தகப்பனார் கேட்டதை மறைவில் எழுதினார். மகனாரோ பதினெட்டு ரஹஸ்யங்களைச் சிறு சிறு வாக்யங்களாக, சாஸ்த்ரம் கற்க வழியில்லாதவரும் பெண்களும் அறியும்படி எழுதி வெளியிட்டார். ரஹஸ்யம் என்று பேரிட்டு எல்லாருக்கும் கொடுத்தது அவரை ஒத்தவர்க்கே கூடும். வேறுபாடு ஸ்வபாவத்தில் இல்லை. தகப்பனார் கையிலிருந்தது ஆசார்யரின் சொல். அதைக் கொடுக்க அவருக்கு உரிமை தரப்படவில்லை. மகனார் எழுதியது தம் பொறுப்பில் தாமே இயற்றியது.

பின்பு வந்தது 1323-ஆம் ஆண்டுக் கலகம். துருக்கப்படை திருவரங்கத்தில் புகுந்தது. பிள்ளை லோகாசார்யர் முதுமையில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். ச்ருதப்ரகாசிகையை வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்கு நடுவே மறைந்திருந்து காத்தார் என்பது நாம் அறிந்தது. எத்தனை சுவடிகள் போயின என்பதற்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. அந்நாளில் ஓர் ஊரில், ஒரு மடத்தில் மட்டும் இருந்த நூலின் கதி, காவிரி கொண்டுபோன சுவடியின் கதியாகவே இருந்திருக்கும்.

ஈடு தப்பியது மாதவப்பெருமாள் பரம்பரையாலே. அவர் தம் குமாரர் பத்மநாபப்பெருமாளுக்கு உபதேசித்தார். அவர் நாலூர்ப் பிள்ளைக்கும், நாலூர்ப் பிள்ளை தம் குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கும் உபதேசித்தார்கள். ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்ற கணக்கிலேயே நடந்தது. அர்த்தம் பிறர் வாயில் சிதையாமல் இருந்தது இதன் நன்மை. ஒருவர் அகாலத்தில் மறைந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்பது இதன் அபாயம். நன்மையை மட்டும் சொல்லி அபாயத்தை மறைப்பது வரலாறு எழுதுகிறவர்க்கு அழகன்று. ஓராண்வழியால் ஒரு நூல் பிழைத்தது உண்மை. ஓராண்வழியால் பிழைக்காதவற்றின் பேரைச் சொல்லவும் இன்று ஆள் இல்லை.

இதற்கிடையே மதுரையில் பாண்டிய ராஜ்யத்தின் பொறுப்பிலிருந்த திருமலையாழ்வார் என்னும் திருவாய்மொழிப் பிள்ளையைப் பிள்ளை லோகாசார்யரின் சிஷ்யரான கூரகுலோத்தம தாஸர் தேடிச் சென்று ஸம்ப்ரதாயத்துக்கு மீட்டார். திருவாய்மொழியின் அர்த்தத்தை முழுவதும் கேட்கவேண்டும் என்ற வேட்கையால் திருவாய்மொழிப் பிள்ளை காஞ்சிக்குச் சென்றார். பேரருளாளன் நியமிக்க, முதியவரான நாலூர்ப் பிள்ளை தம் குமாரரைச் சொல்லும்படி ஏவினார். திருநாராயணபுரத்தில், நாலூராச்சான் பிள்ளையிடம், திருநாராயணபுரத்து ஆயும் இளம்பிளிசைப் பிள்ளையும் உடனிருக்க, திருவாய்மொழிப் பிள்ளை ஈட்டைக் கேட்டார். அந்த நாளில் இரண்டு ஓடைகள் கூடின. நூலை எழுதியவரின் குமாரர் வழியில் வந்த உபதேசம் ஒன்று; நூலே கைமாறி வந்த மாதவப்பெருமாள் வழி மற்றொன்று. வடக்குத் திருவீதிப் பிள்ளை கையைவிட்டுப் போன சுவடி, அவர் குமாரருடைய சிஷ்யர் கைக்கு இத்தனை சுற்றி வந்து சேர்ந்தது.

திருவாய்மொழிப் பிள்ளையின் சிஷ்யர் மணவாள மாமுனிகள். 1432-ஆம் ஆண்டு, பரீதாபி வருஷம் ஆவணி மாதம், நம்பெருமாள் தம் உத்ஸவங்களை நிறுத்தி வைத்துப் பெரிய திருமண்டபத்தில் அவரை ஈடு அருளிச்செய்யும்படி நியமித்தார். அடுத்த ப்ரமாதீச வருஷம் ஆனித் திருமூலம் வரை அது நடந்தது. ஜீயர்களும் ஆசார்ய புருஷர்களும் கைங்கர்யபரர்களும் திரண்டிருந்த கோஷ்டி அது. ஓர் இரவு விளக்கில் ஒருவர் தனியே எழுதியது, ஊரறியப் பகலிலே பெருமாள் திருச்செவி சார்த்தும்படி விரிந்தது. சாற்றுமறை நாளில் மாமுனிகளின் தனியன் பிறந்த வரலாற்றை இவ்விதழின் வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

மாமுனிகள் அத்துடன் நிற்கவில்லை என்பதே இங்கு முக்கியம். ஈட்டில் எடுத்தாளப்பட்ட ப்ரமாணங்கள் எங்கெங்கு உள்ளவை என்று தேடித் திரட்டி ஈட்டுப் ப்ரமாணத்திரட்டை அமைத்தார். ஆசார்யரிடம் கேட்க வாய்ப்பில்லாத பின்னடியார் கையில் நூல் சென்றால் எங்கே தடுமாறுவர் என்று முன்னரே நினைத்துச் செய்த வேலை அது. பெரும் புகழ் தரும் வேலையும் அன்று. ஆனால் பொதுவில் வைத்த நூலுக்கு அது இல்லாமல் முடியாது. உபதேச ரத்தினமாலையில் ஐந்து வ்யாக்யானங்களையும் அவற்றை எழுதியவர்களையும், ஈடு கைமாறி வந்த வழியையும் பேர் பேராகப் பதிவு செய்தார். இன்று நாம் இந்த வரலாற்றை முன்பின் முரணாமல் சொல்ல முடிவது அந்தச் சிறு நூலாலே. ஆசார்ய ஹ்ருதயத்துக்கு அவர் வ்யாக்யானம் எழுதியது மிக்க முதுமையில். திருமேனி தளர்ந்து, சாய்ந்த நிலையிலேயே எழுதினார் என்பர். இவ்வளவு வருந்தி எழுதுவது எதற்கு என்று உடனிருந்தவர் கேட்க, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் என்று விடை வந்ததாகப் பெரியோர் சொல்லிக் கேட்கிறோம்.

அச்சு வந்தபின் இந்தக் கைங்கர்யம் மாத இதழின் வடிவம் கொண்டது. காஞ்சியில் ப்ரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசார்யர் (1891–1983) நாலாயிரத்துக்கும் திவ்யார்த்த தீபிகை எழுதியதோடு ஸ்ரீராமாநுஜன் என்னும் இதழையும் நடத்தினார். புத்தூர் ஸுதர்சனர் கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் வக்கீல் தொழிலோடு ஸ்ரீவைஷ்ணவ ஸுதர்சனம் நடத்தி, பகவத்விஷயத்தை அரும்பத உரையுடன் தமிழெழுத்தில் கிடைக்கச் செய்தார். க்ரந்த எழுத்தும் தெலுங்கெழுத்தும் அறியாத வாசகனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அப்பதிப்பால் கற்றவர் அறிவர். மாதந்தோறும் இதழ் வந்தாகவேண்டும் என்ற கட்டாயம் நூலின் தரத்தைக் குறைக்கும் என்று அந்நாளில் குறைகூறினோர் உண்டு. சில கட்டுரைகளைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. ஆனால் வசதி வந்தபோது எழுதுவோம் என்றிருந்த பண்டிதர் பலரின் அர்த்தங்கள் அவர்களோடு போனதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

எழுதி வைத்ததும் அழியும் என்பதற்கு ஒரு செய்தி உண்டு. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளியவர். அதில் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானம், ஏறத்தாழ 400 பாசுரங்களின் அளவு, செல்லரித்துப் போயிற்று. முன்பகுதி முற்றும் போய், இறுதிப் பகுதி மட்டும் எஞ்சியது. மாமுனிகள் அந்தக் குறையை நிரப்ப இசைந்தார். முழுவதற்கும் புதிதாகத் தாமே ஒரு வ்யாக்யானம் எழுதியிருக்கலாம்; அதற்கு வேண்டிய தகுதி அவருக்கு இல்லையென்று எவரும் சொல்லார். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதலிலிருந்து எழுதிக்கொண்டு வந்து, பெரியவாச்சான் பிள்ளையின் ஓலையில் செல் விட்டுவைத்த சொல் எதுவோ அதுவரையில் எழுதி, அதற்கு முந்திய சொல்லோடு தம் எழுத்தாணியை வைத்துவிட்டார்.